இரட்டைமடியும் அந்நிய நுகமும்

இரட்டைமடி இழுக்கும் படகுகளை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவருக்கு நுகம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மடி என்பது பை போன்ற இழுவலை. ஒரே படகு இழுக்கும் ஒற்றை மடியில் வலையின் வாயை விரித்து வைப்பவை இரண்டு பலகைகள். இரட்டைமடியில் அந்தப் பலகைகளின் வேலையை இரண்டு விசைப்படகுகள் செய்கின்றன. மடியின் ஒரு பக்கக் கயிறு ஒரு படகிலும், மறுபக்கக் கயிறு மற்றதிலும் கட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே இடைவெளி விட்டு, ஒரே திசையில் போக வேண்டும். ஒரு டிரைவர் வேகத்தைக் குறைத்தால் வலை முறுக்கிக்கொள்ளும். கரைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் கயிற்றை அவிழ்க்காமல் அவரால் திரும்ப முடியாது. மண்டபத்தின் வடகடலில் அப்படி ஓடிய இரண்டு படகுகளில் ஒன்றில் எனக்கு ஐந்தில் இரண்டு பங்கு இருந்தது. மீதிப் பங்கும், இணையாக ஓடிய மற்றப் படகு முழுவதும் என் கூட்டாளிக்கு உரியவை.

"அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வரும் வசனம் எனக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். ஞாயிறு பள்ளியில் அதைப் பிழையில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் அதை வரன் பார்க்கும்போது எடுத்துச் சொல்லும் வசனமாக மட்டுமே எங்கள் வீட்டில் கேட்டிருந்தேன். அதே சபையில், அதே நம்பிக்கையில் பெண் எடுத்தாயிற்று, இனி அந்த வசனத்துக்கும் எனக்கும் வேலையில்லை என்று நினைத்துவிட்டேன். படகுக் கூட்டுக்காக முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்ட அன்று அந்த வசனம் என் நினைவில் ஒரு நொடியும் வரவில்லை என்பதை இன்றைக்கும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அது 2012ஆம் ஆண்டு. என் தாத்தா 1964 புயலில் தனுஷ்கோடியில் வள்ளத்தையும் வலையையும் இழந்து மண்டபத்துக்கு வந்தவர். அவருக்குப் பிறகு அப்பாவும் நாட்டுப்படகிலேயே காலம் தள்ளினார். விசைப்படகில் பங்கு வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசையாக இருந்து என்னிடம் வந்து சேர்ந்தது. மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தும், அப்பாவின் சேமிப்பைச் சேர்த்தும் ஏழு லட்சம் ரூபாய் கொடுத்தேன். என் கூட்டாளி என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; நான் அவரை அண்ணன் என்றுதான் அழைத்தேன். எந்தச் சாமியையும் கும்பிடுகிறவர் அல்லர். கோயில், தர்கா, சர்ச் எதற்கும் வரிப்பணம் கொடுப்பார், எதற்குள்ளும் போகமாட்டார். "கடல் கொடுக்குது, நாம எடுக்கிறோம், இதுல யாரு கணக்குக் கேக்கப் போறா" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். யார் கணக்குக் கேட்பார் என்ற கேள்விக்கு நாங்கள் இருவரும் வெவ்வேறு பதில் வைத்திருந்தோம் என்பதை அப்போதே பேசியிருக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் அல்லர். என் மகனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து ராமநாதபுரத்தில் படுக்கையில் இருந்தபோது, இரவோடு இரவாகப் பணத்தோடு வந்து நின்றவர் அவர்தான். அவிசுவாசி என்ற சொல்லுக்கு ஏமாற்றுக்காரன் என்று பொருள் கொள்கிறவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. அது பெரிய பிழை. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த இஸ்லாமிய வியாபாரி ஒருவர், தராசில் கால் கிலோ கூடுதலாக விழுந்துவிட்டால் மறுநாள் கூப்பிட்டுப் பணம் கொடுப்பார். ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிற ஏலக்காரர் ஒருவரிடம் நான் மூன்று முறை ஏமாந்திருக்கிறேன். ஆகவே இங்கே நான் எழுதுவது அடுத்தவரின் குற்றப்பட்டியல் ஆகாது. கயிற்றின் ஒரு முனையை என் கையால் கட்டியவன் நான்.

முதலில் விட்டுக்கொடுத்தது ஞாயிற்றுக்கிழமையை. எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் கரை சேரும். கடலில் வேலை செய்கிறவர்கள் அவர் பொறுப்பு, கரையில் ஏலமும் கணக்கும் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். ஆராதனை தொடங்கும் நேரத்தில் நான் ஜெட்டியில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஒரு நாளைக்கு மட்டும் ஏலத்தைப் பார்க்க வேறு ஆளை வைக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நான் கேட்கவே இல்லை. கேட்டால் பக்திமான் என்று நினைப்பாரே என்ற கூச்சம். இரண்டு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை காலி ஆனதே எனக்கு உறைக்கவில்லை.

இரட்டைமடி அதற்குப் பிறகு வந்தது. அப்போது மீன்பிடித் தடைக்காலம் 45 நாள். இன்றுபோல் 61 நாள் ஆகவில்லை. அந்த 45 நாளில் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, எஞ்சின் வேலை பார்த்ததில் கையிருப்பு கரைந்து, மீன் வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கியிருந்தோம். முன்பணம் வாங்கிய படகு அந்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. கடனை அடைக்க வேண்டுமானால் பாடு, அதாவது பிடிபடும் மீன், கூட வேண்டும், பாடு கூட வேண்டுமானால் இரட்டைமடி இழுக்க வேண்டும் என்றார் அண்ணன். தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்ட முறை என்பது கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் எதற்காக வந்தது என்பதை நாட்டுப்படகுக்காரரின் மகனான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "எல்லாரும் இழுக்கிறான், நாம மட்டும் வேடிக்கை பாக்கவா" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கூட்டுத்தொழிலில் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்மதம் என்றுதான் பொருள் என்பதை அன்று கற்றேன்.

தடை செய்யப்பட்ட காரியம் தடையில்லாமல் நடக்க வேண்டுமென்றால் அங்கங்கே கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். யாருக்கு, எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பயணத்துக்கு ஒரு முறை அண்ணன் ஒரு தொகையைச் சொல்லுவார், நான் நோட்டில் எழுதுவேன். நீல அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு அது. டீசல், ஐஸ், ரேஷன், வலைப்பழுது, ஆள் பங்கு என்று வரிசையாக எழுதி, கடைசியில் "இதரம்" என்று ஒரு வரி வரும். முதலில் 500, பிறகு 1,500, அதற்குப் பிறகு 3,000. அந்த ஒற்றைச் சொல்லை எழுதும்போது மட்டும் என் கையெழுத்து சிறிதாகிவிட்டதை என் மனைவிதான் கண்டுபிடித்தார். ஒரு நாள் நோட்டை என் முன் விரித்து வைத்து, "இந்த வார்த்தையை மட்டும் ஏன் எறும்பு மாதிரி எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த பயணத்திலிருந்து அதைப் பெரிதாக எழுதிப் பழகினேன். அதுதான் நான் செய்த திருத்தம்.

பிடித்து வந்த மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரட்டைமடிக்குத் தரை என்றும் நடுநீர் என்றும் பேதமில்லை. தளத்தில் கொட்டும்போது மேலே தெரிவது விலைபோகிற மீன், அடியில் கிடப்பது சங்காயம் என்னும் கழிவு மீன். சங்காயத்தை மீன்மாவுக்குக் கிலோக் கணக்கில் தள்ளிவிடுவோம். ஒரு நாள் அதைக் கூடையில் அள்ளியபோது, விரல் நீளம்கூட வளராத குஞ்சுகளுக்கு நடுவே, வயிற்றடியில் முட்டைப் பஞ்சு ஒட்டிய சினை நண்டுகள் நசுங்கிக் கிடந்தன. சினை நண்டு வலையில் விழுந்தால் அதை எடுத்து, "போய்ப் பெத்துட்டு வா" என்று சொல்லிக் கடலில் விடுவது என் தாத்தாவின் பழக்கம். என் கையில் இருந்தது அலுமினியக் கூடை, நான் அள்ளினேன்.

அந்தச் சங்காயத்தில்தான் அந்தக் கேனும் கிடைத்தது. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன், நண்டு வலைக்கு மிதப்பாகக் கட்டுவார்களே, அது. அறுந்த கயிறு ஒரு முழம் தொங்கியது. கேனில் சிவப்புப் பெயிண்டில் ஒரு சிலுவையும் கீழே இரண்டு கோடுகளும் போடப்பட்டிருந்தன. எங்கள் குடும்ப அடையாளம் அது. அந்த இரண்டு கோடு என் சித்தப்பாவுடையது. அதற்கு முந்தைய ஞாயிறன்று சித்தப்பாவின் நண்டு வலைகளை ஏதோ விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று சித்தி அழுததை நான் வீட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தேன். எந்தப் படகு என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. கேனை எடுத்து மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. அந்த மூன்று வாரமும் சித்தப்பாவைத் தெருவில் கண்டால் கும்பிட்டேன், அவரும் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் எங்கள் போதகரைத் தேடிப் போனேன். அவர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன், அவர் வேதாகமத்தை எடுத்து இரண்டாம் நாளாகமம் 20ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் படித்தார். யூதாவின் ராஜாவாகிய யோசபாத் கர்த்தருக்குப் பயந்தவன். அவன் இஸ்ரவேலின் ராஜாவாகிய அகசியாவோடு கூட்டுச் சேர்ந்து, தர்ஷீசுக்குப் போகும்படி எசியோன்கேபேரில் கப்பல்களைச் செய்தான். தீர்க்கதரிசி வந்து எச்சரித்தான், கப்பல்கள் உடைந்துபோயின. அந்தப் பகுதியில் எங்களுக்கு ஏற்ற ஒரு விஷயம் இருப்பதைப் போதகர் காட்டினார். யோசபாத் அகசியாவின் சிலைகளை வணங்கியதாக அங்கே இல்லை. கூட்டு வைத்தது கப்பல் கட்டுவதில் மட்டும்தான், வெறும் தொழில்தான். அப்படியிருந்தும் அந்தத் தொழில் முறிந்தது. பிறகு முதலாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தைத் திருப்பினார். அகசியா, என் ஊழியக்காரர் உன் ஊழியக்காரரோடு கப்பலில் போகட்டும் என்று கேட்கிறான்; யோசபாத் சம்மதிக்கவில்லை. "அவனுக்கு ஒரு தடவை உடைஞ்சது போதும்னு தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போதகர் ஜெபம் செய்தார்.

அன்று மாலை கேனை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேனைக் கையில் வாங்கி, தொங்கிய கயிற்றை அவிழ்த்து, அது நல்ல கயிறா என்று இழுத்துப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அறுந்த வலைகளின் கணக்கைச் சொன்னார்: 38,000 ரூபாய். அதைத் தவணையாகக் கொடுத்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. மன்னித்துவிட்டதாக அவர் வாயால் சொன்னதில்லை. கடைசித் தவணை கொடுத்த அன்று சித்தி கைநிறைய நண்டு கொடுத்தனுப்பினார்.

கூட்டிலிருந்து விலகுவது அதைவிடக் கடினமாக இருந்தது. இந்த இடத்தில் இளைஞர்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் ஒப்பந்தம் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒரு பக்கம், பதிவு செய்யவில்லை. வழக்கறிஞரிடம் போனபோதுதான் 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்ன சொல்கிறது என்பது தெரிந்தது. தொழிலின் பெயரில் ஒரு கூட்டாளி செய்கிற காரியத்துக்கு எல்லாக் கூட்டாளிகளும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் முழுவதையும் என் ஒருவனிடமே கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஐந்தில் இரண்டு பங்குதான் என்னுடையது என்று நான் தப்பிக்க முடியாது. பதிவு செய்யாத கூட்டு என்றால், கூட்டைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் வழி உண்டே தவிர, ஒப்பந்தத்தில் எழுதிய மற்ற உரிமைகளுக்காகக் கூட்டாளி மேல் வழக்குத் தொடர முடியாது. விலகிவிட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டால் போதாது, பொது அறிவிப்புக் கொடுக்கும் வரை வெளியாரிடம் பொறுப்புத் தொடரும். பவுல் நுகம் என்ற சொல்லை ஏன் எடுத்தார் என்பதை வழக்கறிஞரின் மேசை முன்னால் உட்கார்ந்தபோது புரிந்துகொண்டேன். மாட்டையும் கழுதையையும் பிணைத்து உழக்கூடாது என்று உபாகமத்தில் ஒரு கட்டளை உண்டு. இரண்டில் எது நல்ல பிராணி என்று அங்கே கேள்வி இல்லை, நடையும் உயரமும் வேறு.

சபையில் சிலர், "தப்பான கூட்டுதானே, விட்டுவிட்டு வந்துவிடு, கடனை அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஆலோசனை சொன்னார்கள். அதை ஏற்க என் மனம் இடம் தரவில்லை. "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று 15ஆம் சங்கீதம் சொல்லும் மனிதன் விசுவாசிகளுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் காப்பாற்றுகிறவன் அல்லன். இரட்டைமடிக்கு இனி உடன்படமாட்டேன், இதரம் எழுதமாட்டேன், ஆனால் என் பங்குக் கடனை அடைத்துவிட்டுத்தான் போவேன் என்று அண்ணனிடம் நேரில் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "இத்தனை நாள் உன் ஏசு எங்க போயிருந்தாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. என் விசுவாசத்தைப் பற்றி அவர் முன் ஒரு நாளும் நான் வாயைத் திறக்காததால், அது எனக்கு வசதிப்படும்போது எடுக்கிற சாக்காகவே அவருக்குத் தெரிந்தது.

பதினான்கு மாதம் இழுத்தது. என் பங்கை வாங்கிக்கொண்டவர் நான் முன்னே சொன்ன கீழக்கரை வியாபாரியின் உறவினர். கடனெல்லாம் கழித்து என் கைக்கு வந்தது நான்கு லட்சத்து இருபதாயிரம். படகில் டிரைவராக இருந்த பையனுக்கு அந்த இழுபறியில் இரண்டு மாதம் வேலை இல்லாமல் போயிற்று. அதை இன்னமும் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

ஓரியூருக்கு ஒரு முறை போய் உட்கார்ந்திருந்தபோது இதைப் பற்றி நினைத்தேன். எங்கள் சபை கத்தோலிக்கச் சபை அன்று, ஆனாலும் இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்கு, இங்கே ஊழியம் செய்த கத்தோலிக்கக் குருவான அருளானந்தர் பொதுவானவர். தடியத்தேவர் என்னும் மறவர் தலைவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் உறவுப்பெண். அந்தப் பகை மூண்டு, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் வெட்டுண்டார். எல்லோரும் அவருடைய உறுதியைப் பேசுவார்கள், பேசவும் வேண்டும். எனக்கோ விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் நினைவுதான் வந்தது. பழைய பிணைப்பை அறுக்கிறபோது கயிறு நம் கையை மட்டும் கிழிப்பதில்லை. அதனால்தான் கட்டுவதற்கு முன்பே பேசுங்கள் என்று, ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என்ன பேச வேண்டும் என்று கேட்கிறார்கள். நீங்கள் எதைச் செய்யமாட்டீர்கள் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஞாயிறு, லஞ்சம், தடை செய்யப்பட்ட வலை, பொய்க் கணக்கு என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் முகம் சுளித்தால் அங்கேயே தெரிந்துவிடும். மனம் நோகும், ஆனால் நகை வீட்டில் இருக்கும். இருவரில் ஒருவர் மறுத்தால் அந்தக் காரியம் நடக்காது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பங்குக்காரர் வைத்ததே சட்டம் என்று இருந்தால், சிறிய பங்குக்காரரின் விசுவாசத்துக்கு அங்கே இடமில்லை. எப்படி விலகுவது, பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் பணம் தருவது என்பதை நட்பாக இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்யுங்கள். முன்பணத்தில் மாட்டிய படகில் பங்கு வாங்காதீர்கள். கூட்டாளி சபைக்காரராக இருந்தாலும் இதில் ஒரு வரியையும் விட்டுவிட வேண்டாம்.

இன்னொரு புறத்தையும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, பிற மதத்தவரோடு கொடுக்கல் வாங்கலே கூடாது என்று ஒரு தம்பி முடிவெடுத்தார். அது பவுல் சொன்னதற்கு மாறானது. அப்படியானால் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்கும் என்று அதே கொரிந்தியருக்கு அவர் எழுதியிருக்கிறார். சாலொமோன் ஆலயம் கட்ட தீருவின் ராஜாவாகிய ஈராமிடம் மரம் வாங்கினான். ஆபிரகாம் அபிமெலேக்கோடு கிணற்றுக்காக உடன்படிக்கை செய்தான். வாங்குவது, விற்பது, கூலிக்கு வேலை செய்வது, அண்டை வீட்டுத் துக்கத்துக்கு நிற்பது எல்லாம் நுகம் ஆகாது. மற்றவர் எடுக்கும் முடிவுக்கு என் கையெழுத்தும் என் மனசாட்சியும் பணயமாகிற இடமே நுகம். அவிசுவாசியை ஏற்கெனவே மணந்திருப்பவர்கள் இந்த வசனத்தைக் காட்டிப் பிரியத் தேவையில்லை. அவர்களுக்கு முதலாம் நிருபத்தின் 7ஆம் அதிகாரம் வேறு வழி சொல்கிறது.

மிஞ்சிய பணத்தில் ஒரு குட்டியானை வண்டி வாங்கினேன். ஜெட்டிக்கு ஐஸ் ஏற்றுவதும், மீனை ராமநாதபுரம் சந்தைக்குக் கொண்டுபோவதும் வேலை. ஞாயிறன்று வண்டி ஓடாது என்று கண்ணாடியில் எழுதியே ஒட்டியிருக்கிறேன். அதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள், ஒருவர் திரும்பி வந்தார்.

சென்ற தடைக்காலம் முடிந்த வாரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவருடைய இன்னொரு படகு விற்றுப்போய்விட்டது, இரட்டைமடியும் விட்டாயிற்று, ஒரே ஒரு படகு வைத்திருக்கிறார். ஐஸ் தொழிற்சாலை ஒன்று குத்தகைக்கு வருகிறது, பாதிப் பாதி போட்டு எடுக்கலாமா என்று கேட்டார். மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நான் முத்திரைத்தாளுக்கு முன்பு பேசியிருக்க வேண்டியதையெல்லாம் அன்று பேசினேன். என் விசுவாசத்தைப் பற்றி, யார் கணக்குக் கேட்பார் என்று நான் நம்புகிறேன் என்பதைப் பற்றி, ஏன் அவரோடு மறுபடி பங்கு சேரமாட்டேன் என்பதைப் பற்றி. அவர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். காபியைக் குடித்துவிட்டு, "சரி, திங்கக்கிழமை படகு போகுது, அறுபது பார் ஐஸ் வேணும், உன் வண்டி வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். திங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு அறுபது பார் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். அவர் வாடகையை எண்ணிக் கொடுத்தார், நான் எண்ணி வாங்கிக்கொண்டேன்.